வாதாமர நிழலில் உட்காராத பெண்

என் இடத்துக்கு வந்திருக்கற பி.டி. டீச்சர் பிரியா போன வாரம் போன் பண்ணா. "மிஸ், இனிமே பெரிய போட்டிக்குப் போற பொண்ணுங்களுக்கெல்லாம் வாயில பஞ்சுக்குச்சி விட்டு ஜீன் டெஸ்ட் எடுப்பாங்கன்னு பேசிக்கறாங்க. நீங்க அந்த ரூம்லயே கூட இருந்தவங்களாமே. எப்படி எடுக்கறாங்க, பொண்ணுங்ககிட்ட என்ன சொல்லணும்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். நம்ம பி.டி. டீச்சருங்க எல்லாரும் படிப்பாங்க"ன்னா. சரின்னு உக்காந்துட்டேன். எழுத எழுதத்தான் தெரியுது, டெஸ்ட்டைப் பத்திச் சொல்ல எனக்கு அரைப் பக்கம் போதும். மிச்சமெல்லாம் என் வயித்தெரிச்சல். அதையும் சேர்த்துத்தான் படிக்கணும் பிரியா, வேற வழியில்ல.

என் பேர் நூர்ஜஹான். மயிலாப்பூர்ல ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல சர்வீஸ் முழுக்க விசில் ஊதிட்டு ரிட்டையர் ஆனவ. எங்க அத்தா ராயப்பேட்டைல தையல் கடை வச்சிருந்தார். பொம்பளப் பிள்ளை டிரவுசர் போட்டுக்கிட்டு ஓடறதான்னு வீட்ல ஒரே ரகளை. கடைசில அவரே எனக்கு ஒரு டிராக் பேன்ட் தைச்சுக் குடுத்தார், ரெண்டு பேர் நுழையற அகலத்துல. அதை மாட்டிக்கிட்டுத்தான் உடற்கல்விக் கல்லூரிக்குப் போனேன். அங்கதான் வந்து சேர்ந்தா வசந்தா.

வசந்தா மாட வீதிப் பக்கத்துப் பொண்ணு. ஒல்லியா, அமைதியா, ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு வருவா. ஓட ஆரம்பிச்சா எனக்கு அந்த ரெண்டு பின்னல்தான் தெரியும். அவ ஃபர்ஸ்ட், நான் செகண்ட். நூறு மீட்டர்னாலும் அப்படித்தான், நானூறுன்னாலும் அப்படித்தான். ஒரு தடவை அவளுக்கு நல்ல காய்ச்சல். இன்னிக்காவதுன்னு நினைச்சேன். காய்ச்சலோட வந்து ஜெயிச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா, சண்டாளி. அதுவும் ஓடி முடிச்சதும் என் தோள்ல கையப் போட்டு, "நீ மட்டும் பின்னாடியே வரலேன்னா நான் இவ்வளவு வேகமா ஓடியிருக்க மாட்டேன்டி நூர்"னு கொஞ்சுவா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

படிப்பு முடிஞ்சதும் அவளுக்கு கவர்ன்மென்ட்ல கோச் வேலை, எனக்கு ஸ்கூல் வேலை. எங்க தொழில்ல இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னு வெளில இருக்கறவங்களுக்குத் தெரியாது. தேங்காய உரிச்சு உடைக்கறது நாங்க, பத்தைய எடுத்துட்டுப் போறது அவங்க. வருஷா வருஷம் வகுப்பு வகுப்பா பொண்ணுங்க வருவாங்க. வெயில்ல நின்னு, கத்தி, தொண்டை கிழிஞ்சு, அதுல ஒருத்தியக் கண்டுபிடிப்போம். மண்டலப் போட்டி அன்னிக்கு கோச் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வந்து, "இந்தப் பொண்ணு நன்னா ஓடறாளே, சாயங்காலம் கிரவுண்டுக்கு அனுப்பு"ம்பாங்க. அப்புறம் பேப்பர்ல வர்ற போட்டோவுல பொண்ணு இருக்கும், கோச் இருப்பாங்க. நாம இருக்க மாட்டோம்.

ஆள் கண்டுபிடிக்கறதுல எனக்குன்னு ஒரு வழி உண்டு. ஓடறப்ப நான் பார்க்கவே மாட்டேன். ஓடி முடிச்சு நிக்கறப்பதான் பார்ப்பேன். எவளுக்கு மூச்சு சீக்கிரம் அடங்குதோ அவ நானூறு மீட்டருக்கு. எவ அடுத்தவளைப் பார்த்து முறைக்கறாளோ அவ நூறுக்கு. இதுல நான் அதிகமாத் தப்பினதில்ல.

இன்னொரு வழக்கமும் என்கிட்ட இருந்துச்சு. அதைச் சொன்னாத்தான் மேல விஷயம் புரியும். எங்க கிரவுண்டு ஓரத்துல ஒரு வாதாமரம், அதைச் சுத்தி சிமென்ட் மேடை. பி.டி. பீரியட்ல ஒரு பொண்ணு வந்து, "மிஸ், இன்னிக்கு முடியாது"ன்னு சொன்னா, "போய் நிழல்ல உக்காரு"ம்பேன். அவ்வளவுதான் பேச்சு. எதுக்கு, ஏன், எத்தனாவது நாள்னு நான் கேட்டதில்ல, வேற எவளையும் கேக்க விட்டதில்ல. எல்லாருக்கும் தெரியும். சில வாலுங்க சும்மாவும் வந்து சொல்லும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி அனுப்பிடுவேன். உடம்புக்கு முடியலன்னு ஒரு பொண்ணு வாய் திறந்து சொன்னா அதை நம்பறதுதான் நம்ம வேலைன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

மோனிஷா ஆறாவதுல வந்து சேர்ந்தா. பட்டினப்பாக்கம் கடற்கரைல குடிசையில இருந்த குடும்பம். அங்கேர்ந்து பெரும்பாக்கத்துப் பக்கம் அடுக்குமாடிக்கு மாத்திட்டாங்க. ஆனா அவங்க அம்மா செல்வி மீன் விக்கறது பட்டினப்பாக்கத்துலதான், அதனால பொண்ணையும் ஸ்கூல் மாத்தல. விடியறதுக்குள்ள பஸ் பிடிச்சு வருவாங்க ரெண்டு பேரும். ஒரு நாள் நான் சாந்தோம் ரோட்டுல ஆட்டோல போறேன், புத்தகப் பையும் சாப்பாட்டுப் பையுமா இந்தப் பொண்ணு பிளாட்பாரத்துல ஓடி வருது. ஆட்டோக்குச் சமமா வருது. சிக்னல்ல நின்னப்ப பார்த்தேன், வாய மூடிக்கிட்டு மூக்காலயே மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. யா அல்லா, கிடைச்சுட்டான்னு நினைச்சேன். இவளை எவளுக்கும் குடுக்கறதில்லன்னும் அப்பவே நினைச்சேன்.

உயரமா வளர்ந்தா. குரல் கொஞ்சம் கட்டை. பேச்சு குறைவு, பொய் சுத்தமா வராது. லேட்டா வந்தா மத்ததுங்க பஸ் மேல பழி போடும், இவ "தூங்கிட்டேன் மிஸ்"ம்பா. ஆறாவதுலேர்ந்து ஒன்பதாவது வரைக்கும் ஒரு நாள்கூட வாதாமரத்துக்குக் கீழ உக்காரல.

அவ ஒன்பதாவது படிச்சப்ப, மண்டலப் போட்டி நெருங்குது, பாதிப் பொண்ணுங்க மரத்தடில உக்காந்து அரட்டை. எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. மோனிஷாவக் கூப்பிட்டு மேடை மேல ஏத்தி நிறுத்தினேன். "இவளைப் பாருங்கடி. ஆறாவதுலேர்ந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், முடியாதுன்னு என் முன்னாடி வந்து நின்னிருக்காளா? உங்களுக்கு மட்டும்தான் உடம்பு இருக்கா? இவளுக்கு இல்லையா?" வகுப்பே கை தட்டுச்சு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அடக்கம்னு நினைச்சேன். சுத்தி இருந்தவங்ககிட்ட, பார்த்தியா எவ்வளவு அடக்கம்னு வேற சொன்னேன்.

அந்த மண்டலப் போட்டியில மோனிஷா நானூறு மீட்டர்ல ஜெயிச்ச விதத்தைப் பார்த்து மைதானமே எழுந்து நின்னுச்சு. கூலிங் கிளாஸும் வந்துச்சு. "நூர், இந்தக் குழந்தை பிரமாதம்டி. சாயங்காலம் என்கிட்ட அனுப்பறியா?" மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பொண்ணோட எதிர்காலம் ஆச்சே. அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து, அன்னிக்கு வச்ச குழம்புல உப்பே போடல நான். அவ்வளவு எரிச்சல்.

கொஞ்ச நாள்ல செல்வி பத்திரிகையோட வந்தாங்க. மோனிஷாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அவங்க புது வீட்டுக்கு முன்னாடி பந்தல், வாசல்ல மோனிஷா படம் போட்ட பேனர், ஸ்பீக்கர்ல பாட்டு, தாய்மாமன் சீர்னு தட்டுத் தட்டா வரிசை. நான் நல்ல பட்டுச் சேலையா ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன். எனக்கு அங்க ஒரே ஒரு விஷயம்தான் கண்ணுல பட்டுச்சு. வசந்தா வரல! பத்திரிகை வச்சும் வரல. பார்த்தியா, ஓட வைக்கத்தான் அவ, நல்லது கெட்டதுக்கு நான்தான்னு குளுகுளுன்னு இருந்துச்சு. மோனிஷா பூ ஜடையும் நகையுமா நாற்காலில விறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. "சிரிடி, போட்டோ எடுக்கறாங்க"ன்னு அதட்டினேன். அவ சிரிக்கல. வெக்கம்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் வருஷங்கள் ஓடிடுச்சு. மோனிஷா காலேஜ் போனா, மாநில அளவுல ஜெயிச்சா. எல்லாப் போட்டோவுலயும் பக்கத்துல வசந்தா. ஒரு பேட்டியில, "என் கோச் மேடம்தான் எனக்கு எல்லாமே"ன்னு சொல்லியிருந்தா. அந்தப் பேப்பர நான் மடிச்சு பீரோவுக்குள்ள வச்சேன். கிழிச்சுப் போடணும்னுதான் எடுத்தேன், முடியல. பொண்ணு அவ்வளவு அழகா இருந்தா அந்தப் படத்துல.

நான் ரிட்டையர் ஆகற வருஷம்தான் இந்த டெஸ்ட் வந்துச்சு. தேசிய முகாமுக்குத் தேர்வாகப் போற பொண்ணுங்களுக்கு முதல்ல எடுக்கணும்னாங்க. எடுக்கறப்ப பொம்பளை அலுவலர் ஒருத்தர் கூட இருக்கணும். எங்க தடகளச் சங்கத்துச் செயலாளர் என்னைப் போட்டார்.

நீ கேட்டியே பிரியா, இதுதான் விவரம். அரை மணி நேரத்துக்கு முன்னாடிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கக் கூடாது, டீகூடக் கூடாது. வெறும் தண்ணில வாய் கொப்பளிக்கணும். லேப்லேர்ந்து வந்த பொண்ணு ஒவ்வொருத்தருக்கும் புது கிளவுஸ் மாட்டிக்கும். உறையிலேர்ந்து நீளமான பஞ்சுக்குச்சிய எடுக்கும். பஞ்சு முனை எதுலயும் படக்கூடாது. அதைக் கன்னத்தோட உள்பக்கம் வச்சு உருட்டி உருட்டித் தேய்க்கும், அப்புறம் அடுத்த கன்னம். ரத்தம் இல்ல, வலி இல்ல. குச்சிய ஒரு குழாய்ல போட்டு மூடி, நம்பர் ஒட்டி, அந்த நம்பரை அந்தப் பொண்ணு வாயாலயே படிக்கச் சொல்லிட்டு சீல் வைப்பாங்க. பேர் கிடையாது. கோச்சுங்க உள்ள வரக் கூடாது.

என்ன தேடறாங்கன்னா, ஆம்பளைங்க உடம்புல இருக்கற ஒரு ஜீன் இந்த உடம்புல இருக்கான்னு. இருந்தா பொண்ணுங்க போட்டியில ஓட முடியாது. பொண்ணாப் பொறந்து பொண்ணாவே வளர்ந்த சில பேருக்கும் அது இருக்குமாம், அவங்களுக்கே தெரியாதாம். இதை லேப் பொண்ணு எனக்குச் சொன்னா. வரிசையில நின்ன பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லல. ஒருத்தி மட்டும், "வேணாம்னு சொல்லலாமா?"ன்னு கேட்டா. சொல்லலாம், ஆனா ஓட முடியாதுன்னாங்க.

வராந்தாவுல ஒரு அப்பா என்னைப் பிடிச்சுக்கிட்டார். அடையாறுக்காரர், அவர் பொண்ணு எப்பவும் மோனிஷாவுக்கு அடுத்ததா வர்றவ. "மேடம், என் பொண்ணு எவ்வளவு உழைச்சாலும் செகண்டுதான். இனிமேலாவது நியாயம் கிடைக்குமா?"ன்னார். செகண்ட் வர்றவ வயிறு எப்படி எரியும்னு எனக்கா தெரியாது! அவரைப் பார்த்தா பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா கேட்டேன். "சார், என் கூட ஓடினவளுக்கு என்னை விடக் கால் நீளம். அதுக்கு யாரும் ஒரு குச்சியும் எடுத்துட்டு வரலையே? உங்க பொண்ணு கார்ல வருது, பாதாம் சாப்பிட்டுட்டு வருது. மோனிஷா ரெண்டு பஸ் மாறி வர்றா. இதையெல்லாம் எந்தக் குழாய்ல போடறது?" அவர், "அது வேற, இது வேற மேடம்"னார். இருக்கலாம். எங்க வேறயாகுதுன்னு எனக்கு இன்னி வரைக்கும் சரியாப் பிடிபடல.

மோனிஷா முறை வந்துச்சு. வசந்தா ஜன்னலுக்கு வெளில நின்னு எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தா. நான் உள்ள, அவ வெளில! எங்க வாழ்க்கைல முதல் தடவை. நான் எழுந்து போய் ஜன்னல் திரைய இழுத்து விட்டேன். தண்ணி டம்ளரை நானே மோனிஷா கைல குடுத்து, "கொப்பளிம்மா"ன்னேன். அவ கொப்பளிச்சா, வாயத் திறந்தா, ஆனா கண்ணு மட்டும் அந்தத் திரை மேலயே இருந்துச்சு. அதையும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்.

ரிசல்ட் வந்ததும் செயலாளர் தி.நகர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவர் யாரையும் பேர் சொல்ல மாட்டார், ஓடறவங்க எல்லாருமே அவருக்குக் 'குழந்தை'தான். நல்ல விஷயம்னா நிக்க வச்சே சொல்லிடுவார். கெட்ட விஷயம்னா உக்கார வைப்பார், டீ சொல்வார், போனை மேஜைல கவுத்து வைப்பார், நாம முதல் வாய் குடிக்கற வரைக்கும் வெயில் பத்திப் பேசுவார். குடிச்சதும்தான் ஆரம்பிப்பார். அன்னிக்கு பிஸ்கட்டும் வந்துச்சு.

"மேடம், நம்ம குழந்தை ஒண்ணுக்கு ரிசல்ட் வேற மாதிரி வந்திருக்கு."

"எந்தக் குழந்தை சார்?"

"உங்க ஸ்கூல் குழந்தைதான். வசந்தா மேடம்கிட்ட இருக்கே, அது."

உண்மையச் சொல்றேன், முதல்ல எனக்கு மோனிஷா ஞாபகம் வரல. வசந்தா முகம்தான் வந்துச்சு. அடி வசந்தா, போச்சா உன் போட்டோவெல்லாம்னு உள்ள ஒருத்தி எழுந்து குதிச்சா. அப்புறம்தான் அந்தப் பொண்ணு டம்ளரை வாங்கின கை ஞாபகம் வந்துச்சு. டீய மேஜைலயே வச்சுட்டேன்.

அவர் மெதுவாக் கேட்டார். "கமிட்டில ஒரு கேள்வி வருது மேடம். வசந்தா மேடத்துக்கு முன்னாடியே தெரியுமா, தெரிஞ்சேதான் ஓட விட்டாங்களான்னு. ஸ்கூல்ல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் மாதிரி இருந்துச்சா? நீங்க சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு உண்டு."

வசந்தாவ ஒரே வார்த்தையில கவுத்துடலாம். வாழ்நாள் பூரா அவ முதுகப் பார்த்துக்கிட்டே ஓடினவளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு. ஆனா வசந்தா விழுந்தா அவ மேல சாஞ்சு நிக்கற பொண்ணும் சேர்ந்துதான் விழும். "நல்லாக் கேட்டீங்க சார்! அந்தப் பொண்ணு சடங்குக்கு நான் போய்ப் பட்டுச் சேலை வச்சுக் குடுத்துட்டு வந்தவ. பந்தல் போட்டு, பேனர் கட்டி, தெருவுக்கே சோறு போட்டாங்க. யாருக்கு என்ன சந்தேகம் வரும்?"னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

அவருக்கு நிம்மதி. "அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தொடையில காயம்னு போட்டு விலக்கிடலாம் மேடம். குழந்தையப் பாதுகாக்கத்தான்."

"யார்கிட்டேர்ந்து சார் பாதுகாக்கறீங்க?"ன்னேன். அவர் கண்ணாடியக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சுட்டார்.

படியிறங்கறப்பதான் எனக்கு அந்த வாதாமரம் ஞாபகம் வந்துச்சு. சடங்குக்கு அப்புறமும் ஸ்கூல் முடிக்கற வரைக்கும் மோனிஷா ஒரு நாள்கூட அங்க உக்காரல. அப்ப அந்தப் பந்தலும் பேனரும் எதுக்குன்னு முதல் தடவையா யோசிச்சேன்.

மறுநாள் காலைல திருவான்மியூர் பீச்சுக்குப் போனேன். வசந்தா அங்கதான் மணல்ல பிள்ளைங்கள ஓட விடுவா. நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே, "எனக்குத் தெரியும்டி நூர்"னா.

"ரிசல்ட்டா?"

"ரிசல்ட் நேத்திக்கு. விஷயம் ரொம்ப நாளாவே தெரியும். நான்தான் லேடி டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனேன். இது நோயும் இல்ல, குத்தமும் இல்ல, இவ பொறவியிலேயே உடம்பு இப்படி, இவ பொண்ணுதான்னு அவா சொன்னா. இந்த டெஸ்ட் வரப்போறதுன்னதும் நானே சொன்னேன், கால்ல அடின்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கோடி கண்ணான்னு. மாட்டேன்னுட்டா. ஒளிஞ்சுண்டு ஓட மாட்டேன், என்னன்னு அவாளே சொல்லட்டும்னு போய் வாயத் தொறந்துண்டு உக்காந்துட்டா."

எனக்கு வேற எதுவும் காதுல விழல. வசந்தாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆறாவதுலேர்ந்து வளர்த்தவ நான். "ஏன்டி, ஓடறதுக்கு உன்கிட்ட வந்தா, சரி. அழறதுக்காவது என்கிட்ட வரக் கூடாதா?"ன்னு மணல்ல நின்னு கத்தினேன். நடக்க வந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. வசந்தா என் கையப் பிடிச்சா, உதறினேன். "அவ அம்மாவக் கேளுடி. அதை நான் சொல்லப்படாது"ன்னா.

நேரா பட்டினப்பாக்கம். செல்வி வஞ்சிரத்தத் துண்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் கத்திய வச்சுட்டு முந்தானைல கையத் துடைச்சாங்க.

"ஏம்மா செல்வி, என்கிட்ட ஏன் சொல்லல? அந்த வசந்தாகிட்டப் போய் சொல்லியிருக்கீங்க!"

"நான் இன்னா சொல்றது மிஸ். கோவிச்சுக்காதீங்கோ. பத்திரிகை வைக்கப் போனேன். அந்தம்மா என் மூஞ்சியப் பார்த்து, நெசமாவா செல்வின்னு கேட்டுச்சு. எனுக்கு அழுகை வந்துடுச்சு. சொல்லிட்டேன். பொய்ச் சடங்குக்கு நான் வரலம்மா, பொண்ணப் பார்த்துக்கறேன்னுச்சு."

"பொய்ச் சடங்கா! எதுக்கும்மா அப்படி ஒரு சடங்கு?"

செல்வி மீன் மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே சொன்னாங்க. "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்கோ. மேடை மேல ஏத்தி, இவ ஒரு நாளும் முடியாதுன்னு சொன்னதில்லன்னு. அன்னிலேர்ந்து பொண்ணுங்கோ இவளச் சுத்திக்கிச்சு. ஏன்டி உனுக்கு மட்டும் வரல, நீ இன்னான்னு. வூட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கினு அப்படி அழுதுச்சு. பேச்சு ஏரியா வரைக்கும் வந்துடுச்சு. வேற இன்னா பண்றது, கடன ஒடன வாங்கி பந்தல் போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லலாம்னேன். மிஸ் எல்லார் எதுரயும் அவ்ளோ பெருமையா சொன்னாங்களே, இப்ப போய் எப்படி சொல்றதுன்னு பொண்ணுதான் வேணாம்னுச்சு."

நான் அந்த மீன் கூடைக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். செல்வி எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவங்களோட கண்ண நிமிர்ந்து பார்க்க எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

செயலாளரோட காயம் ஒரு வாரம்கூடத் தாங்கல. கிரவுண்டுல யாரோ, "தொடையில அடியாமே?"ன்னு கேட்டிருக்காங்க. "இல்லியே, காலு நல்லாத்தான் கீது. டெஸ்ட்ல வேணாம்னுட்டாங்க"ன்னு இவ சொல்லிட்டா. பொய்தான் வராதே அவளுக்கு. சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்அப் குரூப் குரூப்பாப் போயிடுச்சு. என்னென்னவோ எழுதினாங்க. அதையெல்லாம் நான் இங்க எழுத மாட்டேன்.

என் கடைசி ஸ்போர்ட்ஸ் டே வந்துச்சு. பழைய மாணவிகள் ஓட்டம்னு ஒண்ணு வச்சிருந்தோம், எனக்கு மரியாதையா. இதெல்லாம் நடக்கறதுக்கு முன்னாடியே மோனிஷாவக் கூப்பிட்டிருந்தேன், வசந்தாவையும்தான். எதுக்கு மறைக்கணும், வசந்தா முன் வரிசைல உக்காந்து, இவ எங்க முளைச்சவன்னு பார்க்கட்டும்னுதான் கூப்பிட்டேன். இப்ப மோனிஷா வர மாட்டான்னு நினைச்சேன். வந்துட்டா. ஷூ போட்டுக்கிட்டு, முடியத் தூக்கிக் கட்டிக்கிட்டு, கோட்டுல வந்து நின்னா. அந்த முகத்துல அப்படி ஒரு ஆசை. மாசக் கணக்கா அவளை யாரும் பொண்ணுங்க கூட ஓட விடல.

நான் விசில வாயில வச்சேன். பக்கத்துக் கோட்டுல நின்னவ, அவ கூடப் படிச்சவதான், கைய இடுப்புல வச்சுக்கிட்டு, "மிஸ், இவ ஓடினா நாங்க ஓடல. இவளத்தான் பொண்ணுங்க கூட ஓடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே"ன்னா. ரெண்டு மூணு பேர் கோட்ட விட்டு நகர்ந்தாங்க. பெத்தவங்க பக்கம் முணுமுணுப்பு. ஹெச்.எம். என்னைப் பார்த்தாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. "யாருடி அது? என் கிரவுண்டுல யார் ஓடணும்னு நான்தான்டி சொல்லணும்!"னு கத்திக்கிட்டே போனேன்.

மோனிஷா கோட்டுலேர்ந்து பின்னால வந்துட்டா. அதுக்குள்ள வசந்தா முன் வரிசைலேர்ந்து எழுந்து, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வந்துட்டா. அவ்வளவுதான், தோள்ல சாச்சு அழைச்சுக்கிட்டுப் போயிடுவான்னு நினைச்சேன். எப்பவும் அப்படித்தானே. மோனிஷா அவளைத் தாண்டி வந்தா. நேரா என் முன்னாடி வந்து நின்னா. சின்ன வயசுல பிள்ளைங்க நிக்குமே, கைய முன்னால கட்டிக்கிட்டு, அதே மாதிரி.

"மிஸ், இன்னிக்கு முடியாது."

எத்தனை வருஷம். எல்லாப் பொண்ணும் சொன்ன வார்த்தை. இவ வாயிலேர்ந்து நான் கேட்டதே இல்ல.

"போய் நிழல்ல உக்காரு"ன்னேன். வேற எதுவும் கேக்கல.

அவ நடந்து போய் வாதாமரத்து மேடைல உக்காந்தா. கோட்டுல இருந்தவங்க எல்லாம் விசிலுக்காக என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. நான் விசிலக் கழுத்துலேர்ந்து கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். "எனக்கும் இன்னிக்கு முடியாதுடி"ன்னு சொல்லிட்டு, நானும் போய் அவ பக்கத்துல உக்காந்தேன். அவ என் தோள்ல தலைய வச்சு அழ ஆரம்பிச்சா.

வசந்தா நீட்டின கையோட அங்கயே நின்னு எங்களைப் பார்த்துக்கிட்டிருந்தா. பார்க்கட்டும்னு விட்டுட்டேன்.